வகுத்துப் பார்த்தால் பிடிபடும்: கடலூர் வீட்டுச் செலவைக் குறைக்கும் கணக்கு

ஷாம்பு பாக்கெட் நம்மூர்ச் சரக்கு. கடலூர்க்காரரான சின்னி கிருஷ்ணன், பொருளைச் சின்னச் சின்னப் பாக்கெட்டில் அடைத்து விற்பதில் முன்னோடி. அவர் மகன் ரங்கநாதன் 1983-ல் 15,000 ரூபாயோடு தொடங்கிய சிக் ஷாம்பு கம்பெனிதான் பின்னாளில் கெவின்கேர் ஆனது. இந்தக் கதை இங்கே எதற்கென்றால், செலவைக் குறைப்பதற்கான முதல் பாடம் அந்தப் பாக்கெட்டிலேயே இருக்கிறது. 2 ரூபாய்ப் பாக்கெட்டில் 8 மில்லி இருந்தால் மில்லிக்கு 25 பைசா. 180 மில்லி பாட்டில் 150 ரூபாய் என்றால் மில்லிக்கு 83 பைசா. பெரிதாக வாங்கினால் மலிவு என்று நாம் நம்பிக்கொண்டிருப்பது ஷாம்பு விஷயத்தில் பெரும்பாலும் தலைகீழ். காபித்தூள், சோப்புத்தூள், எண்ணெயில் பெரும்பாலும் பெரிய பொட்டலமே மலிவு. ஆகவே மனக்கணக்கை நம்பாமல் வகுத்துப் பார்ப்பதுதான் வழி.

வகுக்கச் சோம்பலாக இருந்தால் பாக்கெட்டின் பின்புறம் பாருங்கள். எம்.ஆர்.பி. பக்கத்தில் யு.எஸ்.பி. என்று பொடி எழுத்தில் கிராமுக்கு அல்லது மில்லிக்கு எவ்வளவு என்று போட்டிருக்கும். ரொம்பச் சின்னப் பாக்கெட்டுகளில் இது இல்லாமலும் போகலாம். அங்கே போன் கால்குலேட்டர்தான். இன்னொன்று, அந்த எண் எம்.ஆர்.பி.யை வைத்துப் போட்டது. கடைக்காரர் தள்ளுபடி தந்தால், தள்ளுபடி போக மிஞ்சும் விலையை எடையால் வகுக்க வேண்டும். 5 ரூபாய், 10 ரூபாய் பிஸ்கட்டில் விலை வருடக்கணக்கில் மாறாது, எடைதான் சத்தமில்லாமல் இறங்கும். விலையைப் பார்க்கும் கண்ணுக்கு அது படாது.

முதலில் ஒரு மாதம், ஒரு நோட்டு

எதையும் குறைக்கத் தொடங்கும் முன் ஒரு மாதம் எழுதுங்கள். பத்து ரூபாய் நோட்டுப் புத்தகமும், நூலில் கட்டித் தொங்கவிட்ட பேனாவும் போதும். அடுப்படியில் ஃபிரிட்ஜ் மேலே இருந்தால் எல்லார் கைக்கும் எட்டும். ஒரு நாள் பக்கம் இப்படித்தான் இருக்கும்:

பால் 50. பெட்ரோல் 200. டீ, பஜ்ஜி 45. மாவு பாக்கெட் 45. கொத்தமல்லி, தக்காளி 40. பையன் ரீசார்ஜ் 299. தெரியாது 60.

அந்தக் கடைசி வரியை விட்டுவிடாதீர்கள். நோட்டு எழுதுகிறவர்கள் பலர் ஒரே வாரத்தில் கைவிடுவதற்குக் காரணம், கணக்கு ரூபாய் சுத்தமாக நேர்வர வேண்டும் என்ற பிடிவாதம். ஐந்து ரூபாய்க்கு வட்டமாக்கி எழுதுங்கள், நினைவு வராததைத் ‘தெரியாது’ என்று போட்டு நகருங்கள். மாதக் கடைசியில் ‘தெரியாது’ மட்டும் கூட்டினால் ஆயிரத்தைத் தாண்டியிருக்கிறதா, அதுவே பெரிய செய்தி. இன்னொரு ஆபத்து, நோட்டை வைத்துக்கொண்டு வீட்டுக்காரம்மாவையோ வீட்டுக்காரரையோ குறுக்கு விசாரணை செய்வது. அன்றோடு நோட்டில் பொய் ஏறத் தொடங்கும். முதல் மாதம் எழுத மட்டும்தான், கேள்வி கிடையாது.

டீயை விடச் சொல்லி அறிவுரை சொல்கிறவர்களை நம்ப வேண்டாம். 12 ரூபாய் டீ, நாளைக்கு இரண்டு, மாதம் 720. வேலைக்கு நடுவே பத்து நிமிடம் உட்கார அது நியாயமான விலை. நோட்டில் கண்ணைக் குத்துவது டீயோடு சேர்ந்து உள்ளே போகும் பஜ்ஜியும் சமோசாவும்தான்.

மாவு: ஒரு கணக்கு முழுசாக

மேலே இருந்த மாவு பாக்கெட்டை எடுத்துக்கொள்வோம். ரேஷனில் கிடைக்கும் புழுங்கல் அரிசியைச் சோறாக்கப் பிடிக்காமல் கோழிக்குப் போடும் வீடுகள் உண்டு. அதே அரிசி இட்லிக்கு நன்றாக வரும்.

நாலு டம்ளர் ரேஷன் புழுங்கல், ஒரு டம்ளர் உளுந்து, ஒரு டீஸ்பூன் வெந்தயம். அரிசியில் பழைய வாடை இருந்தால், கழுவிய தண்ணீர் தெளியும்வரை நாலைந்து முறை அலச வேண்டும்; வாடை வெளித்தூசியில்தான் அதிகம் இருக்கும். அரிசி ஐந்து மணி நேரம் ஊறட்டும். உளுந்துக்கு ஒன்றரை மணி நேரம் போதும், அதற்கு மேல் ஊறினால் மாவு பொங்காது. 200 கிராம் டம்ளரில் அளந்தால் அரிசியும் உளுந்தும் சேர்ந்து ஒரு கிலோ. அரைத்தால் ஏறக்குறைய இரண்டரை கிலோ மாவு. செலவு உளுந்துக்கு மட்டும்தான்: கிலோ 130 என்றால் 26 ரூபாய். கிரைண்டர் 150 வாட். அரை மணி ஓடினால் பத்தில் ஒரு யூனிட்கூட ஆகாது. அதே இரண்டரை கிலோவைக் கிலோ 45 என்று கடையில் வாங்கினால் 112. வாரம் ஒரு முறை அரைத்தால் மாதம் 340 ரூபாய் மிஞ்சும்.

கெட்டுப்போகும் இடங்கள் இரண்டு. உளுந்தில் சிக்கனம் பார்த்தால் இட்லி கல்லாகும், பாதி வீணாகும். நல்ல உருட்டு உளுந்தாக வாங்குங்கள். இரண்டாவது, சித்திரை வைகாசியில் நம்மூர் வெக்கைக்கு மாவு ஆறு மணி நேரத்தில் புளித்துத் தள்ளும். அரைத்த உடனே பாதியை உப்புப் போடாமல் ஃபிரிட்ஜில் வைத்துவிட்டு, மீதியை மட்டும் உப்புப் போட்டுக் கரைத்து வெளியே வையுங்கள். உள்ளே வைத்ததை மூன்றாம் நாள் எடுத்து உப்புப் போட்டுக் கரைத்து வெளியே வைத்தால் போதும்.

ரேஷனில் துவரம்பருப்பு கிலோ 30, பாமாயில் லிட்டர் 25. வெளிவிலையோடு ஒப்பிட்டால் இந்த இரண்டை மட்டும் விட்டுவிடாமல் வாங்கினாலே மாதம் 150, 200 ரூபாய் நிற்கும். பருப்பு கொஞ்சம் முற்றல் என்பதால், ஒரு மணி நேரம் வெந்நீரில் ஊறவைத்துப் பிறகு குக்கரில் போட வேண்டும். இல்லாவிட்டால் மிச்சம் பிடித்ததைக் கேஸ் தின்றுவிடும்.

சந்தையும் துறைமுகமும்

உழவர் சந்தையில் அன்றைய விலை பலகையில் எழுதியிருக்கும். அந்தப் பலகையைப் போனில் படம் எடுத்துக்கொண்டு உள்ளே போங்கள், பேரம் தேவையில்லை. காலை ஆறு மணிக்குப் போனால் காய் நன்றாக இருக்கும். கடை கட்டும் நேரத்துக்குப் போனால் விலை இறங்கியிருக்கும், ஆனால் கீரையும் தக்காளியும் அடிபட்டிருக்கும். சேனை, கருணை, பூசணி, வெங்காயம் கடைசி நேரத்தில் வாங்கலாம். கீரை காலையில்தான். வெள்ளைப் போர்டு டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் கிடையாது என்பதால், சந்தை வேலை வீட்டுப் பெண்கள் கையில் இருக்கும் வீட்டில் வண்டியை எடுக்காமல் போய்வந்தாலே ஒரு காய் விலை மிச்சம்.

மீனில்தான் வகுத்தல் ரொம்பச் சுவாரசியம். துறைமுகத்தில் சொல்லும் விலை முழுமீனுக்கு. தலை, செதில், குடல் போக எவ்வளவு சட்டிக்கு வரும் என்பதே உண்மை விலை. உதாரணத்துக்கு வஞ்சிரம் கிலோ 900, சுத்தம் செய்து 800 கிராம் நின்றால் கிலோ 1,125 ஆகிறது. சங்கரா 350, நிற்பது 600 கிராம் என்றால் கிலோ 583. மத்தி 150, அதே 600 கிராம் நின்றால் 250. விலை நாளுக்கு நாள் மாறும், கணக்குப் போடும் முறை மாறாது. சங்கரா தலையைக் குழம்பில் போடும் வீட்டில் அதன் விலை இன்னும் இறங்கும். மத்தியும் நெத்திலியும் காரப்பொடியும் கூறு வைத்து விற்பார்கள். கூறை எடைபோடச் சொல்லிக் கேட்பதில் தப்பில்லை. மேலே பெரிய மீனை அடுக்கியிருப்பார்கள், ஒரு கையால் புரட்டிப் பார்த்துவிட்டு விலை பேசுங்கள்.

மலிவாகக் கிடைத்தது என்று மூன்று கிலோ மத்தி வாங்கி ஃபிரீசரில் அடுக்க வேண்டாம். அது எண்ணெய் மீன், ஒரு வாரத்துக்கு மேல் வைத்தால் சிக்கு வாடை வந்துவிடும். சங்கரா, பாறை கொஞ்சம் தாங்கும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகு கடலுக்குப் போகாது, அப்போது வருவது நாட்டுப்படகு மீனும் வெளியூர் ஐஸ் மீனும்தான், விலை ஏறும். அந்த இரண்டு மாதத்துக்கு நெத்திலிக் கருவாட்டைப் பிப்ரவரி, மார்ச்சிலேயே வாங்கி, ஒரு நாள் வெயிலில் காயவைத்து, ஈரமில்லாத பாட்டிலில் போட்டு வையுங்கள். வாங்கும்போது ஒரு பிடியைக் கையில் இறுக்கிப் பாருங்கள். ஒட்டிக்கொண்டு உருண்டையானால் உள்ளே ஈரமும் உப்பும் இருக்கின்றன. அந்தத் தண்ணீர் எடைக்கும் சேர்த்துத்தான் காசு கொடுக்கிறீர்கள். உதிர்ந்தால் சரி.

அதே மாதங்களில் பண்ருட்டிப் பலா வரும். பழத்தைத் தின்றுவிட்டுக் கொட்டையைத் தூக்கிப் போடுகிறவர்கள் ஒரு வாரக் காயைத் தூக்கிப் போடுகிறார்கள். வெயிலில் இரண்டு நாள் காய்ந்தால் சாம்பாருக்கும் கருவாட்டுக் குழம்புக்கும் நிற்கும். முந்திரியிலும் ஒரு விஷயம்: பாயசத்துக்கும் அரைத்துவிடவும் முழுப்பருப்பு எதற்கு? பண்ருட்டிப் பக்கம் உடைந்த பருப்பு தனியாகவே விற்கும், விலை நன்றாகக் குறையும், ருசி ஒன்றுதான்.

மொத்தமாக வாங்குவது பற்றி ஒரு எச்சரிக்கை. ஐப்பசி, கார்த்திகையில் கடலோர ஈரத்துக்கு ரவை கட்டி தட்டும், பயறில் வண்டு வைக்கும். மூட்டையாக வாங்குவதென்றால் தை முதல் ஆனி வரை. புரட்டாசிக்குப் பிறகு மாதத் தேவை மட்டும். பத்து கிலோ உளுந்தில் கிலோவுக்கு 8 ரூபாய் மிச்சம் பிடித்து, இரண்டு கிலோவை வண்டுக்குக் கொடுத்தால் கணக்கு எங்கே போகும் பாருங்கள்.

500 யூனிட் என்ற வரப்பு

வீட்டு மின்சாரத்தில் இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம் என்பது எல்லாருக்கும் தெரியும். 500-ல் இருக்கும் வரப்பு பலருக்குத் தெரியாது. 500-ஐத் தாண்டினால் தாண்டிய யூனிட்டுக்கு மட்டும் விலை கூடுவதில்லை, அதற்குக் கீழே இருக்கும் யூனிட்டுகளுக்கான சலுகையும் போய்விடும். 2024 கட்டணப்படி 500-க்கு வரும் பில்லுக்கும் 501-க்கு வரும் பில்லுக்கும் இருநூறு ரூபாய்க்கு மேல் வித்தியாசம். ஒரு யூனிட்டுக்கு இருநூறு ரூபாய்!

ரீடிங் எடுக்க வந்த தேதியை அட்டையில் பாருங்கள். 500-ஐ 60-ஆல் வகுத்தால் நாளைக்கு 8.3, வாரத்துக்கு 58. ஞாயிறுதோறும் மீட்டரைப் பார்த்துக் காலண்டரில் எழுதுங்கள். நாலாம் வாரம் முடியும்போது 232-ஐத் தாண்டியிருந்தால் இன்னும் நாலரை வாரம் கையில் இருக்கிறது, திருத்திக்கொள்ளலாம். எட்டாம் வாரம் பார்த்தால் ஒன்றும் செய்ய முடியாது.

எங்கே திருத்துவது? பழைய சீலிங் ஃபேன் 75 வாட். நாளைக்கு 15 மணி நேரம் ஓடினால் இரண்டு மாதத்தில் 67 யூனிட். கரண்ட் குறைவாக இழுக்கும் பி.எல்.டி.சி. ஃபேன் 30 வாட், 27 யூனிட். ஒரு ஃபேனுக்கு 40 யூனிட் மிச்சம். எல்லா ஃபேனையும் மாற்ற வேண்டாம், கூடத்திலும் படுக்கையறையிலும் இருக்கும் இரண்டை மாற்றினால் போதும். 300 யூனிட்டுக்குள் நிற்கும் வீட்டில் ஃபேன் விலையை எடுக்க நாலைந்து வருடம்கூட ஆகலாம்; 500-ஐ உரசிக்கொண்டிருக்கும் வீட்டில் சீக்கிரம் எடுத்துவிடும். ஒரு குதிரைத்திறன் மோட்டார் மணிக்கு ஒரு யூனிட்டை ஒட்டி இழுக்கும். டேங்க் நிரம்பி வழியும் கால் மணி நேரம் தண்ணீரும் காசும்தான்.

ஏ.சி. வைத்திருக்கும் தேவனாம்பட்டினம், முதுநகர் பக்கத்து வீடுகளுக்கு: உப்புக்காற்று வெளி யூனிட்டின் அலுமினியத் தகடுகளை அரிக்கும், அரித்தால் சூடு வெளியே போகாது, மெஷின் நின்று நின்று ஓடாமல் தொடர்ந்து ஓடும். மாதம் ஒரு முறை மெயின் ஸ்விட்சை அணைத்துவிட்டு நல்ல தண்ணீரால், வேகமில்லாமல், மேலிருந்து கீழாகக் கழுவுங்கள். போர் தண்ணீர் உப்பாக இருந்தால் அதில் கழுவுவது இன்னும் மோசம். 27-ல் வைத்து ஃபேனையும் ஒன்றில் ஓடவிட்டால் தூக்கம் கெடாது.

கேஸ் விஷயத்தில் ஒன்று மட்டும். சிலிண்டரின் மேல் வளையத்தில் காலி எடை எழுதியிருக்கும். அதோடு 14.2 கூட்ட வேண்டும். 15.3 என்றிருந்தால் 29.5 கிலோ. கொண்டுவருபவரிடம் தராசில் தொங்கவிடச் சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு. மாட்டிய தேதியைக் காலண்டரில் குறித்து வந்தால், திடீரென்று பத்து நாள் குறையும்போது பர்னர் அடைப்பா கசிவா என்று பார்க்கத் தோன்றும். தீ மஞ்சளாக எரிந்தால் பர்னர் துளையை ஊசியால் குத்திச் சுத்தம் செய்யுங்கள்.

பாண்டி பெட்ரோல்

கடலூரில் இருந்துகொண்டு பாண்டிக்குப் போய்ப் பெட்ரோல் போடாதவர் குறைவு. வரி குறைவென்பதால் அங்கே விலையும் குறைவு, அது நிஜம். லிட்டருக்கு 5 ரூபாய் வித்தியாசம் என்று வைத்துக்கொள்வோம். பைக்கில் ஐந்து லிட்டர், 25 ரூபாய் லாபம். அதற்காகவே பாண்டி எல்லையில் இருக்கும் முள்ளோடைவரை போய்த் திரும்ப 20 கிலோமீட்டர் என்றால், லிட்டருக்கு 45 ஓடும் வண்டி 45 ரூபாய்ப் பெட்ரோலைக் குடிக்கும். இருபது ரூபாய் நஷ்டம், ஒரு மணி நேரம் போச்சு. திரும்பும்போது வேறு எதையும் வாங்கவில்லை என்றால்தான் இருபதோடு நிற்கும். ஜிப்மருக்கோ வேலைக்கோ போகிறவர்கள் வழியில் டேங்கை நிரப்பிக்கொள்வது சரி. ஞாயிற்றுக்கிழமை காந்தி வீதிச் சந்தைக்குத் துணி எடுக்கப் போவதற்கும் இதே கணக்குதான்: பஸ் செலவு, மதியச் சாப்பாடு எல்லாம் கூட்டி, எடுத்த துணிகளின் எண்ணிக்கையால் வகுங்கள். நாலு பேருக்கு எடுத்தால் லாபம், ஒரு சட்டைக்கு இல்லை.

போன்: 28 நாள் பிளான் என்றால் வருடத்துக்கு 12 இல்லை, 13 ரீசார்ஜ். 84 நாள் பிளானை 84-ஆல் வகுத்து நாள் விலையைப் பாருங்கள். யு.பி.ஐ. ஆப்பில் ஆட்டோபே என்ற பகுதியைத் திறந்தால், என்றோ இலவசமாகத் தொடங்கிய ஏதோ ஒன்று மாதாமாதம் 149 பிடித்துக்கொண்டிருப்பது தெரியவரும். செலவுக்கு மட்டும் தனியாக ஒரு கணக்கு, குறைந்தபட்ச இருப்பு கேட்காத வகையில் தொடங்கி, யு.பி.ஐ.யை அதில் மட்டும் இணைத்து, திங்கள்தோறும் வாரப் பணத்தை மாற்றுங்கள். வியாழக்கிழமை காசு தீர்ந்தால் அந்த வாரம் எங்கேயோ ஓட்டை.

சர்க்கரைக்கும் பிரஷருக்கும் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ ஊழியரிடம் பதிந்தால் வீட்டுக்கே இலவசமாக வரும். வெளியே வாங்குவதென்றால் மக்கள் மருந்தகத்தில் மருந்தின் மூலப்பெயரைச் சொல்லிக் கேளுங்கள். மெட்ஃபார்மின் 500 வேறு, மெட்ஃபார்மின் 500 எஸ்.ஆர். வேறு; பட்டையில் இருப்பதை அப்படியே காட்டுங்கள், மாற்றுவதென்றால் டாக்டர் சொல்லட்டும்.

தண்டலும் சீட்டும்

மேலே சொன்னதையெல்லாம் செய்து மாதம் ஆயிரம் ரூபாய் மிஞ்சும் வீட்டில், ஒரு தண்டல் கடன் அத்தனையையும் விழுங்கிவிடும். பத்தாயிரம் என்று பேசி, 8,500 கையில் கொடுத்து, நாளைக்கு 100 வீதம் நூறு நாள் வாங்குவார்கள். பிடித்தது 1,500 தானே, 15 சதவீதம்தானே என்று தோன்றும். முதல் நாளிலிருந்தே திருப்பிக் கட்டுகிறீர்கள். நூறு நாளும் உங்கள் கையில் 8,500 இருப்பதில்லை, சராசரியாகப் பாதிதான். அப்படிப் போட்டால் ஆண்டு வட்டி ஏறக்குறைய 120 சதவீதம். வங்கி நகைக்கடன் பத்து சதவீதத்தை ஒட்டித்தான். கையில் இரண்டு கிராம் இருந்தாலும் அதை வைத்துத் தண்டலை அடைத்துவிட்டு, அதே நாளைக்கு நூறை நகைக்குக் கட்டுங்கள், சீக்கிரம் முடியும்.

தீபாவளிச் சீட்டில் பலகாரம், பட்டாசு, வெள்ளிக்காசு என்று ஆசை காட்டுவார்கள். பதிவு செய்யாத சீட்டில், பிடிப்பவர் ஓடினால் போலீசுக்கு நடப்பதைத் தவிர வழியில்லை. பதிவு எண் கேளுங்கள், சொல்லத் தயங்கினால் எழுந்து வந்துவிடுங்கள். சீட்டுப் பழக்கத்தின் நல்ல பகுதி மாதாமாதம் கட்டாயமாகக் கட்டுவது. அது அஞ்சலகத் தொடர் வைப்பிலும் (ஆர்.டி.) உண்டு. மாதம் 1,000, ஐந்து வருடம், 6.7 சதவீத வட்டியில் 60,000 கட்டி 71,000-க்கு மேல் வரும். தொடங்கும் தேதியில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. 15-ஆம் தேதிக்குள் தொடங்கினால் ஒவ்வொரு மாதமும் 15-க்குள் கட்ட வேண்டும்; 16-க்குப் பிறகு தொடங்கினால் மாதக் கடைசி வேலைநாள்வரை நேரம். மகளிர் உரிமைத் தொகை மாத நடுவில் வரும் வீடுகள் 16-க்குப் பிறகு தொடங்குவதே வசதி. தவறினால் நூறு ரூபாய்க்கு ஒரு ரூபாய் அபராதம், நாலு தவணை தவறினால் கணக்கு நின்றுவிடும். அவசரத்துக்கு, 12 தவணை கட்டிய பிறகு இருப்பில் பாதிவரை கடனாக எடுக்கலாம்.

ஆர்.டி.க்கு முன்னால் மழைக்காலக் கையிருப்பு. தானே புயல் கரையேறியது 2011 டிசம்பர் 30. நாட்கணக்கில் கரண்ட் இல்லை. வேலையும் இருக்காது, ஃபிரீசரில் இருப்பதும் போகும். அக்டோபர் முதல் ஃபிரீசரில் இரண்டு நாள் மீனுக்கு மேல் வைக்காதீர்கள். பதினைந்து நாள் செலவுக்கான தொகையை ஆடி மாதமே ஒதுக்கத் தொடங்கினால் மூன்று மாதத்தில் சேர்ந்துவிடும். அதில் 2,000 ரூபாயாவது கரன்சியாக, 50-ம் 100-மாக, பிளாஸ்டிக் கவரில் சுற்றி அரிசிப் பானைக்குள் இருக்கட்டும். புயலடித்த வாரத்தில் ஏ.டி.எம். திறந்திருந்தாலும் அது தருவது பெரும்பாலும் 500 நோட்டு. அதற்குச் சில்லறை தர எந்தக் கடையிலும் ஆளிருக்காது.